மாங்கூழில் மணம் நிற்க நொதி உதவுமா?

காவேரிப்பட்டணத்துக்காரர்:
வணக்கம். எங்கள் குடும்பம் சிறிய அளவில் பெங்களூரா மாங்கூழ் தயாரிக்கிறது. காய்ச்சும்போது கூடம் முழுவதும் மணக்கிறது. இரண்டு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் இனிப்பும் புளிப்பும் இருக்கின்றன, மணத்தைத்தான் காணோம். நொதி (என்சைம்) சேர்த்தால் மணம் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதானா?

ஓசூர் ஆசிரியர்:
உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பழத்தின் மணப்பொருள்களில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து கிளைக்கோசைடாக இருக்கும். அந்நிலையில் அது ஆவியாகாததால் மூக்குக்கு எட்டாது. பச்சை வனிலாக் காய் மணக்காததற்கும் இதுவே காரணம்: பதப்படுத்தும்போதுதான் காயிலுள்ள பீட்டா குளுக்கோசிடேஸ் நொதி வனிலினைக் குளுக்கோஸிடமிருந்து பிரிக்கிறது. அதே வகை நொதி மாம்பழத்தில் லினலூல் போன்ற மணப்பொருள்களை விடுவிக்கும். ஆனால் கூழில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் குளுக்கோஸ் இந்நொதிகள் பலவற்றை மந்தப்படுத்திவிடும். பிணைப்பில் இரண்டு சர்க்கரைகள் இருந்தால், முதலில் ராம்னோசிடேஸ் போன்ற வேறொரு நொதியும் தேவைப்படும்.

தர்மபுரி மாணவி:
நொதியால் மணப்பொருளைப் புதிதாகக் கட்டவும் முடியும், ஐயா. கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், நீர் மிகக் குறைந்த சூழலில் எதிர்த்திசையில் வேலை செய்து அமிலத்தையும் ஆல்கஹாலையும் பழமணம் தரும் எஸ்டராக இணைக்கும். ஆய்வகத்தில் ஐசோஅமைல் ஆல்கஹாலோடு அசிட்டிக் அமிலத்தை ஹெக்சேன் என்ற நீரோடு கலக்காத கரைப்பானில் சேர்த்தபோது, முதல் தடவை அமிலத்தை மொத்தமாக ஊற்றிவிட்டேன். நொதி செயலிழந்து, குடுவையில் காடி வாடைதான் மிஞ்சியது. மறுமுறை சிறிது சிறிதாக ஊற்றி, உருவாகும் நீரை மூலக்கூற்றுச் சல்லடையால் உறிஞ்சவிட்டேன். மாலைக்குள் வாழைப்பழ வாசனை வந்துவிட்டது. உங்கள் கூழுக்குள் இது நடக்காது, அதில் பெரும்பகுதி நீர்தானே.

பாலக்கோடு தொழில்முனைவோர்:
என் கருத்தில் சிக்கல் நொதியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. காய்ச்சுவதற்கு முன் நொதி சேர்த்தால், விடுபட்ட மணமும் நீராவியோடு போய்விடும். கூடத்தில் மணப்பது நீங்கள் இழக்கும் சரக்குதான். காய்ச்சிய பின் சேர்த்தால், நொதி டப்பாவுக்குள்ளும் வேலையைத் தொடரும். ஆகவே கூழை விட்டுவிட்டு, வீணாகும் தோலை அரைத்து நொதியிட்டு வெதுவெதுப்பாகச் சில மணி நேரம் வைத்து, பிறகு சூடாக்கி ஆவியைக் குளிரவைத்துப் பிடியுங்கள். அந்த நீரை டப்பாவை மூடுவதற்குச் சற்று முன் கூழில் கலக்கலாம்.

காவேரிப்பட்டணத்துக்காரர்:
தோல் இப்போது எருக்குழிக்குத்தான் போகிறது. ஐந்து கிலோவில் சோதித்துப் பார்க்கிறேன். இறங்கும் நீர் முழுவதையும் சேர்க்கவேண்டுமா?

பாலக்கோடு தொழில்முனைவோர்:
வேண்டாம். முதலில் இறங்குவதில்தான் மணம் செறிந்திருக்கும். அதைத் தனிப் பாட்டிலில் பிடித்து உடனே மூடிவிடுங்கள்.