மலைநாட்டில் வீட்டுக் கராஜ்: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இலங்கையின் மலைநாட்டுக்கு, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வந்து குடியேறுகிறவர்கள் வாடகை வீடு, பள்ளிக்கூடம், விசா பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். போன வாரம் ஒரு தம்பி கேட்டது வேறு. "அண்ணே, ஊரில் என் கார் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். இங்கே வாடகை வீட்டோடு ஒரு கராஜும் கிடைத்திருக்கிறது. சாமான்களை எப்படி அடுக்கலாம்?" அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை. வந்து 9 வருடம் ஆகிறது. வந்த புதிதில் பழைய ஆல்டோ ஒன்றை வாங்கி, ஊரில் செய்தது போலவே கராஜை அமைத்தேன். பின்சுவரில் பலகை அடித்து ஸ்பேனர்களை வரிசையாக மாட்டினேன், கீழே அட்டைப்பெட்டிகளில் உதிரிப்பாகங்களை வைத்தேன். அது ஏப்ரல் மாதம். மே மாதம் மழை பிடித்தது. ஜூலையில் பார்த்தால் ஸ்பேனர் முழுக்கத் துரு, அட்டைப்பெட்டிகள் கூழாகிவிட்டன, புதிதாக வாங்கி வைத்திருந்த பேரிங் ஒன்று உறையோடு கெட்டுப்போயிருந்தது. அன்றைக்கு உண்மையிலேயே மனசு உடைந்துபோனேன். பல ஸ்பேனர்கள் அப்பா வைத்திருந்தவை.

பக்கத்து வீட்டில் தொழிற்சாலை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாஸ் இருந்தார். (இங்கே மெக்கானிக், மேசன், தச்சர் எல்லோரையும் மரியாதையாக "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.) அவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, சாமான் அடுக்குறதெல்லாம் அப்புறம். மொதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார். நான் சொல்ல வருவதும் அதுதான். இந்த மலையில் கராஜைக் கெடுப்பவை ஈரமும் சரிவும். இரண்டையும் சரிசெய்துவிட்டு அலமாரி வாங்கப் போங்கள்.

தண்ணீர் மூன்று வழியில் வரும். ஒழுகும் கூரை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரியாதது, தகரம் குளிர்ந்து உள்பக்கம் வியர்த்து, மழையே இல்லாத விடியற்காலையிலும் சொட்டுவது. தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, இடையில் காற்று ஓட வழி விட்டால் இது குறையும்.

இரண்டாவது, பின்சுவர். இங்கே பாதி வீடுகள் மலையை வெட்டிய இடத்தில்தான் நிற்கின்றன. சுவருக்குப் பின்னால் மண் இருக்கிறது, மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறது. சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் இருந்தால், அசிங்கமாக இருக்கிறதே என்று சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவதற்காகவே வைத்த துளைகள் அவை. அடைத்தால் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் சுவர் மேல் விழும். சுவரோரமாக ஒரு கான் வெட்டி வெளியே விடுங்கள். கான் என்றால் வடிகால். தேயிலை மலையில் கான் வெட்டுவது தனி வேலை, தெரிந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள். ராக்கைகளை, அதாவது சாமான் அடுக்கும் தட்டுகளை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.

கராஜைப் பெரிதாக்க மலையை இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று வீட்டுக்காரரே சொன்னாலும் அவசரப்படாதீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இந்த மலைகள் எப்படிச் சரிந்தன என்று இங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கார் வெளியே நனைந்தால் நனையட்டும்.

மூன்றாவது காற்று. எனக்குப் புரிய நாளான விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் ஈரக்குமிழ் (நனைந்த துணி சுற்றியது), உலர்குமிழ் (துணி சுற்றாதது) என்று இரண்டு வெப்பமானிகள் தொங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் காற்று இன்னும் ஈரத்தை வாங்கும். வித்தியாசம் ஒரு டிகிரிதான் என்றால் காற்று நிரம்பிவிட்டது, கொழுந்து வாடாது. அதே மாதிரி ஒன்றைக் கராஜில் மாட்டினேன். வித்தியாசம் குறைவான நாளில் கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து குளிர்ந்த இரும்பின் மேல் முத்து முத்தாகப் படியும். வெயில் அடித்து வித்தியாசம் கூடிய பிறகு இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் கராஜ் தானாகக் காயும். எந்நேரமும் திறந்து வைப்பதும் தப்பு, எந்நேரமும் பூட்டி வைப்பதும் தப்பு.

கருவிகளுக்கு நான் கடைசியில் கண்ட வழி இது. கதவு உள்ள இரும்பு அலுமாரி ஒன்று, அதன் அடியில் 15 வாட் குண்டு பல்பு. எல்ஈடி வேண்டாம், அதில் போதிய சூடு வராது. உள்ளே இருக்கும் இரும்பு வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், பனி படியாது. பல்பு இருக்கும் அலுமாரியில் பெட்ரோல், தின்னர், எண்ணெய்த் துணி எதையும் வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவை துடையுங்கள். டார்க் ரெஞ்ச், அதாவது நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி, அதன் அளவைக் குறைந்தபட்சக் குறிக்கு இறக்கிவிட்டு (அதற்கும் கீழே தளர்த்தாமல்) அதன் பெட்டியிலேயே வையுங்கள். ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டிக் கருவிகளைப் பதித்து வைப்பது படத்தில் அழகாக இருக்கும். இங்கே ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் உறைகளில் பூஞ்சை பிடிக்கும். உதிரிப்பாகங்களுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் நல்லது. காலி ஐஸ்கிரீம் டப்பாவே போதும்.

மழைக்காலம் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளையில், அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெருமழை. அங்கே ஜூன், ஜூலையில் காற்றும் வெயிலும். கராஜுக்குப் பெயிண்ட் அடிப்பது, தரை போடுவது எல்லாம் உங்கள் பக்கத்துக் காலம் பார்த்துச் செய்யுங்கள்.

சரிவுக்கு வருவோம். காரைத் தூக்குவதற்கு முன்னால் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கழுவிவிட வசதியாக வாசல் பக்கம் வாட்டம் வைத்துத்தான் பல கராஜ்களைக் கட்டியிருப்பார்கள். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடமே ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். ஏற்றத்தில் நிற்கும் லொறிக்கு உதவியாள் முதலில் குதித்துக் கட்டை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். ஜாக் தூக்குவதற்கு மட்டும். கீழே போவதென்றால் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வைத்து, காரை அதன் மேல் இறக்கி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் சிமெண்ட் கல் வைப்பதை இங்கேயும் பார்க்கிறேன். அது விரிசல் காட்டாமலே நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம்.

பிரேக் ஆயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கீழே இறங்கும்போது பிரேக் படும் பாடு சமவெளியில் தெரியாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கிப் பாருங்கள், பிரேக் கருகும் வாசனை யாராவது ஒருவர் வண்டியிலிருந்து வரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பாட்டிலில் போட்டிருக்கும் தர எண்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் 3.7 சதவீதம் கலந்துவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230-ம் 155-ம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பாதி தீர்ந்த பாட்டிலை ஒரு வருடம் கராஜில் வைத்திருந்து ஊற்றிக்கொண்டு, கினிகத்தேனை இறக்கத்தில் பெடல் அப்படிப் போனபோது எனக்கு உயிர் போய் வந்தது. பக்கத்தில் மனைவியும் பின்னால் பிள்ளையும் இருந்தார்கள். இரண்டாம் கியருக்கு இறக்கி ஓரம் கட்டினேன். அன்றிலிருந்து சிறிய பாட்டில்தான் வாங்குவேன், திறந்தால் மீதியை வைப்பதில்லை.

மலைவீடுகளில் கராஜ் பெரும்பாலும் படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கும். இல்லாவிட்டால் சாலை மட்டத்தில் கராஜும் அதற்குக் கீழே வீடும் இருக்கும். முதல் வகையில் புகை மேலே ஏறும். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். எஞ்சின் ஓட வேண்டுமென்றால் காரை வெளியே எடுங்கள், மழையானாலும். இரண்டாவது வகையில், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை, கேனில் சேர்த்து வைக்கத் தோன்றும். அப்படி வீட்டில் வைத்து எரிந்தவர்கள் உண்டு. வைக்காதீர்கள்.

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். பழைய தோட்ட பங்களாக்களில் உருண்டை முள் சாக்கெட், அதில் ஊர் பிளக் போகும். புதிய வீடுகளில் 13 ஆம்பியர் சதுர முள். தரமான அடாப்டர் வாங்குங்கள், எர்த் இல்லாத மலிவானது ஈரத் தரையில் ஆபத்து. டிரிப் ஸ்விட்சின் (மின்கசிவு வந்தால் தானாக அணைவது) டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஏப்ரல், அக்டோபர் பிற்பகல்களில் இடி வரும், பேட்டரி சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போங்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்? இங்கே ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள், அல்லது நம் மாருதி. 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்களே பாதி வேலையை முடித்துவிடும். டொயோட்டா சக்கர நட்டுக்கு 21, ஹோண்டாவுக்கு 19. பழைய ஜப்பான் வண்டிகளின் நட்சத்திர ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூடிரைவரில் வழுக்கித் தலை தேய்ந்துபோகும். ஜப்பான் தரத்தில் செய்த டிரைவர் ஒன்று இருந்தால் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மூடியைக் கழற்றும்போது என்னை நினைப்பீர்கள். கனமான கருவிகள் செக்-இன் பையில். கார்ட்லெஸ் டிரில்லின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே பழைய வண்டிக்கு மதிப்பு அதிகம், பழைய பாகத்துக்கும் அப்படியே. கழற்றிய ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவில் தேதியும் எந்த வண்டியுடையது என்பதும் எழுதி வையுங்கள். ஹட்டனில் கிடைக்காதது கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

கழிவு ஆயிலைக் கானில் ஊற்றாதீர்கள். டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி ஆற்றுக்கும், தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலி ஆற்றுக்கும் போகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், உங்கள் கானுக்குக் கீழே ஒரு லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அதற்கு ஒரு பீலியும் (தண்ணீர் விழும் குழாய்) இருக்கும். அங்கே பிள்ளைகள் குளிக்கும், குடத்தில் குடிக்கப் பிடிப்பார்கள். ஆயிலை மூடிய கேனில் சேர்த்து, சர்வீஸ் ஸ்டேஷனில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்ததில்லை.

தம்பி, நீங்கள் இருப்பது வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்காமல் துளையுள்ள ஆங்கிள் ராக்கையாக வாங்குங்கள். ஹாட்வெயார் கடையில் நீளம் சொன்னால் வெட்டித் தருவார்கள். கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரம் மழை பெய்யும் ஒரு ராத்திரியில் டார்ச்சோடு உள்ளே போய் எங்கே நனைகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். அந்தப் படத்தை அனுப்பினால் ராக்கையை எங்கே நிறுத்தலாம் என்று சொல்கிறேன்.