புதுப்பிப்பு: ஐடிலிங்கில் அணையும் கார்புரேட்டர் கார் – காரணம் கிடைத்தது

என்ஜின் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என் பழைய கார் அணைந்துவிடுவதாகக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஐடில் சாலினாய்டை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் ஐடில் நிலைக்கான பெட்ரோல் பாதையை மின்சாரத்தால் திறக்கும், கார்புரேட்டரிலுள்ள வால்வு) சோதிக்கச் சொன்ன யோசனையே பலித்தது. இக்னிஷன் சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து வர வேண்டிய 'டிக்' சத்தம் வரவில்லை. ஆனால் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தபோது வந்தது. ஆகவே பழுது சாலினாய்டில் இல்லை, பச்சைக் களிம்பு பூத்துப்போயிருந்த அதன் ஒயர் முனையில்தான் இருந்தது. மின்சாரம் வராவிட்டால் உள்ளிருக்கும் ஊசி ஐடில் ஜெட்டுக்கான (ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு துளைக்கான) பாதையை அடைத்துவிடும் என்பதால், ஓடும்போது குறையொன்றும் தெரியாமல், காலை எடுத்தால் மட்டும் வண்டி நின்றிருக்கிறது; குளிர்ந்த நிலையில், பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக் அதை மறைத்துவிட்டது. முனையை மாற்றியதும் ஐடில் நிலைத்தது.

எதிர்பாராத ஒன்றும் உண்டு. பிரேக்கை மிதித்தால் மட்டும் ஐடில் தடுமாறிக்கொண்டே இருந்தது. பிரேக் பூஸ்டருக்கு (என்ஜினின் உறிஞ்சுவிசையால் பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பாகம்) செல்லும் வேக்குவம் ஹோஸை, வண்டி நின்றிருக்கும்போது, இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்துப் பார்த்ததில் தடுமாற்றம் நின்றது: பூஸ்டரின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்து, மிதிக்கும்போது அதன் வழியே என்ஜினுக்குள் காற்று கசிந்திருக்கிறது. பிரேக் விஷயம் என்பதால் அதைப் பழுதுபார்க்காமல் பூஸ்டரையே மாற்றிவிட்டேன். பலர் வற்புறுத்திய கார்புரேட்டர் கிட் (கார்புரேட்டரைப் பிரித்துப் புதுப்பிக்கும் உதிரிபாகத் தொகுப்பு) தேவைப்படவே இல்லை.