மவுசாக்கலையில் நீர் இறங்கும்போது

இலங்கை மலையகத்தில், நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்திலிருந்து பார்த்தால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கீழே தெரியும். 1969இல் அணை முடிந்து மஸ்கெலியா ஓயாவின் நீர் தேங்கியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிப்போனது. மழை குறையும் மாதங்களில் நீர் வெகுவாக இறங்கினால், பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். ஆண்டு எட்டில் படித்தபோது, அப்படியொரு மார்ச் மாதத்தில் அப்பாயியோடு நான் அங்கே இறங்கினேன். காய்ந்த சேறு ஓடு ஓடாகப் பிளந்து, ஓரங்கள் சுருண்டு, மிதிக்கும்போது அப்பளம் போல நொறுங்கியது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சேறு படிந்த வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தண்ணீர்தான் எங்களுக்கு மழையைத் தருகிறது என்று தோட்டத்தில் பலர் சொல்வதுண்டு. நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், இந்துசமுத்திரத்தைக் கடந்து ஈரத்தோடு வரும் தென்மேல் பருவக்காற்று சிவனொளிபாத மலைத்தொடரில் மோதி மேலெழுந்து குளிர்வதால்தான் மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அதே காற்று ஈரத்தை இங்கே இழந்து, மறுபுறம் இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். ஜூலையில் நாங்கள் பள்ளிச் சீருடையை அடுப்புப் புகையில் காயவைத்துக்கொண்டிருக்க, மலைக்கு மறுபுறமுள்ள பதுளையிலிருந்து வரும் மாமா அங்கே புழுதி தாங்க முடியவில்லை என்று குறைப்படுவார்.

ஆனால் விடியற்காலைப் பனிமூட்டத்தில் நீர்த்தேக்கத்துக்குப் பங்குண்டு. நீர் வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாகவே விடுவதால், தெளிந்த இரவில் மலைச்சரிவுகள் விரைவாகக் குளிர்ந்து, அந்தக் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கிச் சேரும்போதும், நீர்ப்பரப்பு ஓரளவு இளஞ்சூட்டோடு இருக்கும். அதிலிருந்து எழும் ஆவி உடனே பனிமூட்டமாகத் திரண்டு, சுற்றிலும் மலை இருப்பதால் கலைய வழியின்றி நிற்கும். கரையோர மலைகளில் கொழுந்து ஒன்பது மணி வரை நனைந்தே இருக்கும். பறிக்கும் பெண்களின் இடுப்பில் கட்டிய படங்கு அரைமணி நேரத்தில் கனத்துவிடும். ஈரமும் மூட்டமும் நீடித்தால் தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயும் எளிதில் பரவும் என்பதால், அப்பா அந்தப் பக்கத்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அவ்வாண்டு மே மாதம் மழை பிடித்தது. மூன்றாம் வாரம் பள்ளி விட்டு நனைந்து வந்த என்னிடம், தலையைத் துவட்டிக்கொள்ளக்கூடச் சொல்லாமல், “படி மறைஞ்சிருச்சா?” என்றுதான் அப்பாயி முதலில் கேட்டார்.