பிஎம் கிசான் தவணை நின்றுபோச்சு, ‘லேண்ட் சீடிங் நோ’ என்று காட்டுகிறது

வேளச்சேரிவாசி:
அப்பாவுக்கு மீஞ்சூர் வட்டாரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை. விவசாயிகளுக்கான மத்திய அரசு உதவித்தொகையான பிஎம் கிசான் 2000 ரூபாய் தவணை 2019 முதல் ஒழுங்காக வந்தது. கடைசி இரண்டு தவணை வரவில்லை. தளத்தில் பார்த்தால் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) ‘யெஸ்’, ஆதார் வங்கி இணைப்பு ‘யெஸ்’, லேண்ட் சீடிங் (நில ஆவண இணைப்பு) மட்டும் ‘நோ’. போன வருடம் சித்தப்பாவோடு இருந்த கூட்டுப் பட்டாவைப் பிரித்தோம். அப்பா இப்போது என்னோடு வேளச்சேரியில். இங்கே இ-சேவை மையத்திலேயே சரிசெய்யலாமா? நான் வருமான வரி கட்டுகிறேன், அதனால் நிறுத்திவிட்டார்களோ?

வரப்போரம்:
வரி காரணம் இல்லை. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நீங்கள் கணக்கிலேயே வரமாட்டீர்கள். அப்பாவோ அம்மாவோ வரி கட்டினால்தான் சிக்கல்.

பட்டா பிரித்ததுதான் காரணமாக இருக்கும். உட்பிரிவு ஆனதும் பட்டா எண்ணோடு புல எண்ணும் மாறும், 114/2 என்பது 114/2ஏ ஆகும். திட்டத்தில் பதிவாகியிருப்பது பழைய எண்; நில ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கும்போது ஆள் கிடைக்கமாட்டார். வேளச்சேரி இ-சேவையில் இ-கேஒய்சி செய்யலாம், நிலச் சரிபார்ப்பு நடக்காது. அது நிலம் இருக்கும் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தின் வேலை. மீஞ்சூருக்குத்தான் போகணும்.

புதுச் சிட்டா நகலை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதார், பாஸ்புக் நகல் சேருங்கள். பழைய கூட்டுப் பட்டா நகலையும் பாகப் பிரிவினைப் பத்திரத்தையும் மறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் அளவுகோல். புதுப் பட்டாவை மட்டும் நீட்டினால், அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய நிலம் மாதிரி தெரியும். பழையதில் அப்பா பெயர் இருப்பதைக் காட்டிவிட்டால் கேள்வி இல்லை.

சரியானதும் நிலுவைத் தவணைகளும் வர வாய்ப்பு உண்டு.

தென்னைமரத்தடி:
மேலே சொன்னதோடு ஒன்று. போகிறபோதே விவசாயிகள் தனித்துவ அடையாள எண்ணுக்கும் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. ஆதாரோடு இணைத்த செல்போன் அப்பா கையில் இருக்கணும், ஓடிபி அதற்குத்தான் வரும். ஆதாரில் ‘கோவிந்தசாமி’, சிட்டாவில் ‘கோவிந்தன்’ என்று இருந்தால் பெயர்ப் பொருத்தத்தில் அடிவாங்கும். இனிஷியல் வித்தியாசத்தைவிடப் பெயரே வேறாக இருப்பதுதான் தொல்லை. முதலில் சிட்டாவில் பெயர்த் திருத்தம், பிறகு மற்றது.

கணக்குப்பிள்ளை:
ஆதார் ‘யெஸ்’ என்றிருந்தாலும் எந்த வங்கி என்று பாருங்கள். பணம் பாஸ்புக்கில் இருக்கும் எண்ணைத் தேடிப் போகாது. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். சென்னைக்கு வந்தபின் அப்பாவுக்குப் புதுக் கணக்கு திறந்திருந்தால், ஊர்க் கிளையில் எத்தனை தடவை என்ட்ரி போட்டாலும் அங்கே எதுவும் தெரியாது. ‘மைஆதார்’ தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் வங்கியின் பெயரும் ‘ஆக்டிவ்’ என்பதும் தெரியும். மாற்ற வேண்டுமானால் கிளையில் நேரடி மானியத்துக்கான ஒப்புதல் படிவம் கொடுக்கணும். கேஒய்சிக்கு ஆதார் நகல் கொடுத்தது வேறு, இது வேறு.

வேளச்சேரிவாசி:
நன்றி அண்ணா. பழைய பட்டா நகல் சித்தப்பா வீட்டில் இருக்கிறது, வாங்கிவிடுகிறேன். இன்னொன்று: அப்பா நிலத்தை இப்போதே எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டால்?

வரப்போரம்:
தவணை நின்றுவிடும். 1.2.2019க்குப் பிறகு உரிமை மாறினால், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால்தான் ஏற்பார்கள். உயிரோடிருக்கும்போது எழுதிக்கொடுப்பது அதில் சேராது. அதோடு, வரி கட்டும் உங்களுக்கு எப்படியும் தகுதி இல்லை. வருடம் 6000 ரூபாய்க்காகப் பத்திரத்தைத் தள்ளிப்போடுவதா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

தென்னைமரத்தடி:
‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் மோசடிக் கோப்பு) சுற்றுகிறது, அப்பா போனில் யாரும் அதைத் தொடவேண்டாம். சந்தேகம் என்றால் திட்டத்தின் உதவி எண் 155261க்குக் கூப்பிடுங்கள். பணமே போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.