யூதப் பள்ளியில் ஒரு வாரம் எப்படிப் போகும்? தங்கை அங்கே கணக்கு டீச்சராகப் போகிறாள்

வண்ணாரப்பேட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டை. என் தங்கைக்கு நியூஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிற வேலை கிடைத்திருக்கிறது. கணக்கு, அறிவியலுக்கெல்லாம் யூதர் அல்லாதவர்களையும் எடுப்பார்களாம், அதனால் அதில் ஒன்றும் குழப்பமில்லை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

எனக்குப் புரியாதது வேறு. பாதி நேரம் ஹீப்ரு, அவர்கள் வேதமான தோரா, வழிபாடு என்று போய்விடுமாம். மீதி நேரத்தில்தான் கணக்கு, அறிவியல், இங்கிலீஷ், வரலாறு எல்லாமே. ரெண்டு பாடத்திட்டத்தை ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் எப்படிச் சுமக்கிறார்கள்? எங்கள் தெருவில் ஒரே பாடத்திட்டத்துக்கே பிள்ளைகள் காலையில் ஸ்கூல், சாயங்காலம் டியூஷன், அதற்கு மேல் இந்திப் பரீட்சைக்குத் தனி கிளாஸ் என்று ஓடிவிட்டு ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் தூங்கி விழுகிறார்கள். என் பெரியவனும் அதில் ஒருத்தன். அதைத் தினமும் பார்க்கிறதால்தான் கேட்கிறேன், அங்கே பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்கிறதா, இல்லை அதே ஓட்டம்தானா? இன்னொன்று, தங்கை சைவம், டப்பா கட்டிக்கொண்டு போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாத்தியார்:

வாழ்த்துகள் அம்மா. அமெரிக்காவில் இப்படி ஒரு பள்ளியில் கணக்கு நடத்தியிருக்கிறேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன், அதனால் பார்த்ததையே சொல்கிறேன். முதலில் ஒன்று, யூதப் பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மரபை அப்படியே பின்பற்றுகிற ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் கட்டுப்பாடு அதிகம், அவ்வளவு கண்டிப்பில்லாத கன்சர்வேடிவ் பிரிவுக்கு ஷெக்டர் என்ற பெயரில் பள்ளிகள் இருக்கின்றன, எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பொதுப் பள்ளிகளும் உண்டு. தங்கை சேரப்போவது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருந்தது ஆர்த்தடாக்ஸ்.

ரெண்டு பாடத்திட்டத்தையும் அரை அரை நாளில் யாரும் முடிப்பதில்லை, நாளையே நீட்டிவிடுகிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விளையாட ஆரம்பித்த பிறகும் இவர்கள் வகுப்பில்தான் இருப்பார்கள். கடைசிப் பீரியடில் கணக்கு வைத்தால் பாதி முகங்கள் வாடியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். தனியார் பள்ளி, கட்டணமும் மிக அதிகம், முடியாதவர்களுக்குச் சலுகை கொடுத்தாலும் பெற்றோருக்கு அது பெரிய பாரம்தான்.

ஆனால் அந்த வாரத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. காலையில் முதல் வேலை ஷஹரித் என்கிற வழிபாடு. சின்னப் பிள்ளைகள் பாட்டாகப் பாடுவார்கள், பெரியவர்கள் ஹீப்ரு வழிபாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பதின்மூன்று வயதாகும் பையன்கள் தெஃபிலின் கட்டுவார்கள்: தோரா வசனங்கள் எழுதிய சுருளை உள்ளே வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி, ஒன்று கையில், ஒன்று நெற்றிக்கு மேலே, தோல் வாரால் சுற்றிக் கட்ட வேண்டும். தங்கை நடத்தப்போகும் ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு பையனாக அந்த வயதைத் தொடுவான். முதல் பீரியடில் நோட்டை அழுத்திப் பிடித்திருக்கும் இடது கையில் வார் பதிந்த தடம் வரிவரியாகத் தெரியும், மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும். திங்களும் வியாழனும் தோராச் சுருளை வெளியே எடுத்து வாசிப்பார்கள், அன்றைக்கு வழிபாடு கொஞ்சம் நீளும், முதல் பீரியட் வைத்திருக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு அப்புறம் ஹீப்ரு, தோரா, மிஷ்னா என்கிற பழைய சட்டத் தொகுப்பு, கொஞ்சம் பெரிய வகுப்பானால் அதன் மேல் நடந்த விவாதங்களான தால்முத். நான் கற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான். இவர்கள் ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்து படிக்கிறார்கள், ஹவ்ருதா என்று பெயர். ஒருவன் வாசிப்பான், அடுத்தவன் 'அது எப்படி?' என்று மறிப்பான். வகுப்பே இரைச்சலாக இருக்கும், ஆசிரியர் நடந்துகொண்டே காது கொடுத்துக் கேட்பார். ஒரு மிஷ்னா சொல்கிறேன், பாபா மெட்சியா என்ற பகுதியின் முதல் பாடம். ரெண்டு பேர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ரெண்டு பேருமே 'நான்தான் கண்டெடுத்தேன், முழுதும் எனக்கு' என்கிறார்கள். ஆளுக்குச் சத்தியம் செய்யவைத்துப் பாதிப் பாதி. சரி. ஒருவன் 'முழுதும் எனது' என்கிறான், இன்னொருவன் 'பாதி எனது' என்கிறான், அப்போது? முதலாமவனுக்கு முக்கால், அடுத்தவனுக்குக் கால். ஏன் என்று பிள்ளைகள் மோதிக்கொள்வார்கள். ஒரு பாதி முதலாமவனுடையது என்பதில் சண்டையே இல்லை, சண்டை மீதிப் பாதிக்குத்தான், அதை மட்டும் ரெண்டாக வெட்டு, அவ்வளவுதான். இதைக் காலையில் பேசிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மதியம் பின்னம் நடத்துவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! பதிலை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். 'ஏன் சார், எதனால் சார்' என்று பிடித்துக்கொள்வார்கள்.

எண்களிலும் தங்கைக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஹீப்ருவில் 22 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு. 11, 12 எல்லாம் பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்று சேர்த்து எழுதுவார்கள். 15க்கு மட்டும் பத்தும் ஐந்தும் போட மாட்டார்கள், ஒன்பதும் ஆறும் போடுவார்கள், 16க்கு ஒன்பதும் ஏழும். பத்து ஐந்துக்கு உரிய எழுத்துகள் சேர்ந்தால் கடவுளின் பெயர் வந்துவிடும் என்பதால். போர்டில் ஹீப்ருத் தேதியைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தனிக் கதை. சூரியன் மறைவதற்கு 18 நிமிடத்துக்கு முன்னாலேயே வீட்டில் விளக்கேற்றிவிட வேண்டும், ஷபாத் என்கிற வார ஓய்வு நாள் தொடங்கிவிடும். டிசம்பரில் அந்தப் பக்கம் நாலரை மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும், அதனால் மதியமே பள்ளியை விட்டுவிடுவார்கள். காலையில் சின்ன வகுப்புகளில் ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு, பாட்டு. அந்த வாரத்துத் தோராப் பகுதியைப் பற்றி ஒரு தாள் கையில் கொடுத்து அனுப்புவார்கள், சாப்பாட்டு மேசையில் குடும்பத்தோடு பேச. அதற்கு அப்புறம் சனிக்கிழமை இருட்டும் வரை எழுதக் கூடாது, போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டுப்பாடமும் கிடையாது! நீங்கள் மூச்சு விட நேரம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அது இதுதான். வாரம் முழுக்க விரட்டினாலும் அந்த ஒரு நாளை எந்தப் பரீட்சையும் தொட முடியாது, திங்களன்று டெஸ்ட் இருந்தாலும் சரி.

ராயபுரம்காரன்:

பதிவுக்கு நன்றி சார். யூதர்கள் என்றால் ஏதோ தூர தேசத்துக் கதை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு எதனால் அப்படி ஆனது? பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து பவளம் கொண்டுவந்து இங்கே வைரம் வாங்கிப் போன யூத வணிகர்கள் அங்கே இருந்தார்கள். 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் ஆல்டர்மேன்களிலும், அதாவது நகர்மன்ற உறுப்பினர்களிலும், யூதர்கள் உண்டு. அவர்களுடைய பழைய கல்லறைகள் மின்ட் தெருப் பக்கம் இருந்து, பிற்பாடு லாயிட்ஸ் ரோட்டுக்கு மாற்றப்பட்டன. வைர வியாபாரம் முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். அக்கா, உங்கள் தங்கை அங்கே போய் இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார்கள்.

மண்ணடி வாசகன்:

சகோதரி, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடிகாலை மக்தபுக்குப் போய் ஓதிவிட்டு, வந்து ரெண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவார்கள். அதனால் ரெண்டு படிப்பு என்பது எங்களுக்குப் புதிதில்லை. அவர்களும் வலமிருந்து இடமாகத்தான் வாசிக்கிறார்கள், அவர்களும் வேதப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். பழசாகிக் கிழிந்துபோன பிரதிகளைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்து மண்ணில் புதைப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

கொல்கத்தாவில் 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம் பெண்பிள்ளைகள். உலகத்தில் என்ன சண்டை நடந்தாலும் அந்த வாசலில் அது நுழையவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல், இதை இங்கே எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

தண்டையார்பேட்டை டியூஷன்:

வாத்தியார் சார் சொன்ன ஜோடிப் படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம். நான் எட்டாவது, ஒன்பதாவதுக்கு டியூஷன் எடுக்கிறேன். என் ஹாலில் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ரெண்டு பேராகப் பிரித்தால் கெட்டிக்காரி பேசுவாள், பக்கத்தில் இருக்கிறவள் தலையாட்டுவாள், கடைசியில் பார்த்து எழுதுவாள். பெற்றோர் எட்டிப் பார்த்துவிட்டு 'என்ன மிஸ், ஒரே சத்தமாக இருக்கிறதே, பாடம் நடக்கவில்லையா' என்பார்கள். அங்கே இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பாடத்தைச் சேர்ந்து கத்தி ஒப்பிக்கும் பழக்கத்தை விட எனக்கும் ஆசைதான், அதனால்தான் விவரமாகக் கேட்கிறேன்.

பெரம்பூர் வாத்தியார்:

நல்ல கேள்வி மிஸ். அங்கேயும் அதே தலையாட்டல் உண்டு. நான் பார்த்த வரை மூன்று வேலை செய்வார்கள். ஜோடியை ஆசிரியர்தான் முடிவு செய்வார், பிள்ளைகள் விருப்பத்துக்கு விட மாட்டார், ரொம்பக் கெட்டிக்காரரையும் ரொம்பத் தடுமாறுகிறவரையும் ஒன்றாகப் போட மாட்டார், பக்கத்துப் பக்கத்துப் படியில் இருக்கிறவர்களைப் போடுவார். அப்புறம் வாசிக்கிறவரும் கேள்வி கேட்கிறவரும் கட்டாயம் மாறிக்கொள்ள வேண்டும். கடைசியில் எழுப்பிக் கேட்கும்போது 'உன் பதில் என்ன' என்று கேட்க மாட்டார், 'உன் ஜோடி என்ன சொன்னான், அதை நீ ஏன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலையாட்டித் தப்பிக்க முடியாது.

உங்களுக்கு முழு நேரமும் வேண்டாம். ஒரு கணக்கை மட்டும் எடுங்கள், விடை போர்டிலேயே இருக்கட்டும், வழியை மட்டும் ஜோடியாகச் சண்டை போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை முன்னாலேயே தெரிவதால் பார்த்து எழுதுவதற்கு வேலையில்லை. பெற்றோர் கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள், சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

வண்ணாரப்பேட்டை அக்கா:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. தங்கைக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். துணிக் கணக்கைப் பெரியவனிடம் கேட்டேன், முதலில் மூன்றில் ரெண்டு, மூன்றில் ஒன்று என்றான், அது தவறு என்று சொல்லவே முடியவில்லை, ஒரு மணி நேரம் வாதாடினான், தூக்கம் வரவே இல்லை! டியூஷன் மிஸ், நீங்கள் ஆரம்பித்தால் என் சின்னவளை அனுப்புகிறேன், தண்டையார்பேட்டை எங்களுக்குப் பக்கம்தான். சார், சாப்பாடு விஷயம் மட்டும் விட்டுப்போனது. சைவம்தானே, ஒன்றும் பிரச்சினை இருக்காதே? தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மைசூர்பாகு செய்து கொண்டுபோகலாம் என்று ஆசைப்படுகிறாள்.

பெரம்பூர் வாத்தியார்:

பையன் சொன்னதை ஒதுக்காதீர்கள் அம்மா. ஒருவன் கேட்டது முழுசு, மற்றவன் கேட்டது பாதி, அந்த விகிதத்தில் பிரித்தால் அவன் சொன்ன விடைதான் வரும், அதுவும் ஒரு நியாயமான வழி. மிஷ்னா ஏன் அதை எடுக்கவில்லை என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் சைவம் என்பது போதாது. கோஷர் என்கிற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. நம் வீட்டில் செய்தது சுத்த சைவமாகவே இருந்தாலும் நம் அடுப்பு, நம் பாத்திரம் அந்த விதிக்குள் வராது, அதனால் மைசூர்பாகைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அன்போடு நீட்டினாலும் அவர்கள் வாங்க முடியாமல் தவிப்பார்கள், அந்தச் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம். கோஷர் முத்திரை போட்ட பாக்கெட் இனிப்பு அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதையும் அலுவலகத்தில் காட்டிவிட்டுக் கொடுக்கலாம். நிலக்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள், பல பள்ளிகளில் அவற்றுக்குத் தடை. தன் டப்பாவை எங்கே வைத்துச் சாப்பிடலாம் என்பதற்குப் பள்ளிக்குப் பள்ளி விதி வேறு, சேருவதற்கு முன்பே கேட்டுவிடட்டும். ஆர்த்தடாக்ஸ் என்றால் முழங்கை மறைகிற கை, முட்டிக்குக் கீழே பாவாடை என்று உடை விதியும் இருக்கும், சுடிதார் பரவாயில்லையா என்பதையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, செப்டம்பர் அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். முழு வாரமே கிடைக்காது, பாடம் ஓடவில்லையே என்று தங்கை பதற வேண்டாம். அவர்கள் மாதங்கள் சந்திரனைப் பார்த்து வருபவை, 19 வருஷத்தில் ஏழு முறை அதிக மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள், அதனால் தேதிகள் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போகும். பள்ளி நாட்காட்டி கைக்கு வந்த உடனே அதை வைத்துப் பாடத் திட்டம் போட்டுவிடச் சொல்லுங்கள், பின்னம், விகிதம் மாதிரிக் கனமான பாடங்களை சுக்கோத் முடிந்த பிறகு ஆரம்பிக்கட்டும்.