மீகடத்தியோடு உங்கள் முதல் சந்திப்பு எது?

களுவாஞ்சிகுடி, பௌதிகவியல் ஆசிரியர்:

உயர்தர வகுப்பில் ஓமின் விதியை முடித்துவிட்டு, தடையே இல்லாமல் மின் ஓடும் பொருளும் உண்டு, அதுதான் மீகடத்தி என்று சும்மா ஒரு வரி சொன்னேன். மண்டூர்ப் பொடியன் ஒருவன் பிடித்துக்கொண்டான். “இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுமே சேர், எப்படி ஓடும்?” கடுங்குளிரில் அணுக்களின் அதிர்வு அவற்றைச் சோடி சேர்த்துவிடுகிறது, அதுதான் கூப்பர் சோடி, அலுமினியத்தில் ஏறத்தாழ 1.2 கெல்வினுக்குக் கீழே நடக்கும் என்றேன்.

“அந்தச் சோடியைப் பிரிச்சா?”

அங்கேதான் வகுப்பு சூடுபிடித்தது. 2015இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான். இரண்டு அலுமினிய முனைகள், நடுவே பக்கம் பக்கமாக இரண்டு குவாண்டம் புள்ளிகள். குவாண்டம் புள்ளி என்பது இலத்திரன்களை அடைத்துவைக்கும் மிகச் சிறிய துணுக்கு. ஓர் இலத்திரன் இருக்கும்போது இன்னொன்று நுழைய மேலதிகச் சக்தி வேண்டும். அதனால் சோடி பிரிந்து ஆளுக்கொரு புள்ளி வழியாகப் போகிறது. “குருமண்வெளித் துறையில புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒவ்வொரு தோணி குடுத்த மாதிரி,” என்றான் பொடியன். சரிதான். ஆனால் அக்கரையில் மறுபடி கூப்பர் சோடியாகிவிடுகிறார்கள். மின்னழுத்தம் கொடுக்காமலே மின்னோட்டம் ஓடுகிறது. பிரிந்த பிறகும் ஒன்றின் நிலை மற்றதைச் சார்ந்தே இருக்கிறது, அதுதான் பிணைப்பு. வழியில் அது குலைந்திருந்தால் அந்த மின்னோட்டமே வராது. பிணைப்புக்கு மின்னோட்டமே சாட்சி! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சம்மாந்துறை:

நமக்கு இந்தப் புள்ளியெல்லாம் தூரம். வாப்பாவை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப்போன அன்று, திறப்புக்கோர்வையை வெளியே வைக்கச் சொன்னார்கள். மெஷின் இப்ப ஓடவில்லையே என்றேன். “காந்தம் எப்பவும் உசார்தான் தம்பி, ராவிலயும் நிப்பாட்டுறதில்ல.” உள்ளே நியோபியம்-டைட்டேனியக் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில் 4 கெல்வின் அளவில் கிடக்கிறதாம். ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள்ளும் உங்கள் கூப்பர் சோடிதானா சேர்?

களுவாஞ்சிகுடி:

ஓம் தம்பி, அதே சோடிதான். அங்கே பிரிக்க ஆளில்லை, அவ்வளவுதான். 2022இல் சுவிட்சர்லாந்தின் பாசலில், பிரித்த இலத்திரன்களின் சுழற்சியையே (ஸ்பின், சிறு காந்தம்போல் மேலோ கீழோ நோக்கும் இயல்பு) அளந்தார்கள். ஒன்று மேல் நோக்கினால் மற்றது கீழ் நோக்கும் போக்கு தெரிந்தது. பொடியன் இப்போது கேட்பது, எவ்வளவு தூரத்துக்குப் பிரிக்கலாம் என்று. முனையில் சோடி பரந்திருக்கும் நீளத்தைவிடப் புள்ளிகள் விலகினால் பிரிவது சட்டென்று குறைந்துவிடும் என்றேன். “அப்ப பிரிஞ்ச பிறகு தூரமாக் கொண்டுபோகலாமா?” என்கிறான். நாளைக்கு வகுப்பு இருக்கிறது.