இராணுவப் பெண் விமானி புகலிடம் கேட்டால்: நிலோஃபர் ரஹ்மானி வழக்கில் சில சந்தேகங்கள்

வான்மதி:
ஹெலிகாப்டர் அல்லாத விமானத்தை ஓட்டிய முதல் ஆப்கான் பெண் இராணுவ விமானி கேப்டன் நிலோஃபர் ரஹ்மானி. 2012-இல் பயிற்சி முடித்து சி-208 காரவன் என்ற சிறிய போக்குவரத்து விமானத்தை ஓட்டினார். 2015-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் வீரப் பெண்கள் விருது. அதே ஆண்டு பயிற்சிக்காக அமெரிக்கா போய் சி-130 என்ற பெரிய போக்குவரத்து விமானம் வரை கற்றவர், 2016 டிசம்பரில் நாடு திரும்ப வேண்டிய நேரத்தில் புகலிடம் கேட்டிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். கொடுக்காதீர்கள் என்று காபூல் பாதுகாப்பு அமைச்சகம் கேட்டுக்கொண்டது. ஆனாலும் 2018-இல் கிடைத்தது.

மூன்று விஷயம் புரியவில்லை. அனுமதியில்லாமல் படையை விட்டு விலகுவது எந்த நாட்டிலும் குற்றம்தானே, அதை மீறி எப்படிப் புகலிடம்? அமெரிக்காவில் இறங்கிய ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்களே, பயிற்சியே ஒரு வருடத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? கிடைத்த பிறகு மறுபடி விமானம் ஓட்ட முடியுமா?

சட்டமுரசு:
முதல் கேள்வியில்தான் பாதி கேஸ் விழுகிறது. "திரும்பிப் போனால் படையை விட்டு ஓடியதற்குச் சிறையில் போடுவார்கள்" என்று மட்டும் எழுதினால் அது புகலிடத்துக்கான காரணமே ஆகாது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர் கையேட்டில் 167-ஆம் பத்தி முதல் இதுதான் பேச்சு. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு, இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகத் தண்டனை அளவுக்கு மீறிப் போகும் என்றோ, தண்டனையைத் தாண்டித் தனியாகக் கொடுமை காத்திருக்கிறது என்றோ காட்ட வேண்டும்.

ரஹ்மானிக்கு அது தெளிவாக இருந்தது. சீருடையில் அவர் படம் வெளிவந்ததும் தாலிபானிடமிருந்து மிரட்டல் வந்தது, உறவினர்களே எதிர்த்தார்கள், குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் பெண் விமானிகள் ஏற்றக்கூடாது என்ற தடை இருந்தும், ஓரிடத்தில் இறங்கியபோது காயப்பட்டுக் கிடந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். விருதுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. இத்தகைய பதிவு கேஸில் பொன் மாதிரி. "பெண் என்பதால்", "ஒரு கருத்தில் நின்றதால்" என்ற இரண்டையும் ஒரே சம்பவம் நிறுவிவிடுகிறது.

மிரட்டுவது அரசாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசால் காப்பாற்ற முடியவில்லை, அல்லது மனமில்லை என்று காட்டினால் போதும். மேலதிகாரியிடம் புகார் கொடுத்த தேதி, கிடைத்த பதில், எல்லாம் எழுத்தில் வேண்டும். ஆபத்து உறுதி என்று நிரூபிக்கவும் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே அச்சத்துக்கு ஆதாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் கார்டோசா ஃபொன்சேகா வழக்கில் சொல்லிவிட்டது.

இராணுவத்தினரிடம் கட்டாயம் வரும் இன்னொரு கேள்வி: யார் மீதாவது குண்டு போட்டீர்களா? போர்க்குற்றத்தில் பங்கிருந்தால் 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு கதவைச் சாத்திவிடும். காரவன் போன்ற போக்குவரத்து விமானம் ஓட்டியவருக்கு இது சுலபம். தாக்குதல் விமானம் ஓட்டியவர் ஒவ்வொரு பணிக்கும் கணக்குச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

டொரண்டோ செழியன்:
ஒரு வருடக் கெடுவுக்கு வருகிறேன். புகலிட விண்ணப்பம் என்பது படிவம் ஐ-589, அதைக் கொடுக்கக் கெடு, கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடம். ஆனால் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு இராணுவத்தினர் அரசுப் பணிக்கான ஏ-2 விசாவில் இருப்பார்கள். சட்டப்படியான விசா நிலை நீடிக்கும்வரை அது "அசாதாரணச் சூழ்நிலை" என்ற விலக்கில் வரும். நிலை முடிந்ததும் நியாயமான கால அளவுக்குள் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏ-2 அந்தப் பணியோடு ஒட்டியது. பயிற்சி நிலையத்திலிருந்து காணாமல் போனால் தளத்திலிருந்து குடிவரவு அமலாக்கத்துக்குத் தகவல் போகும், நிலையும் போகும், பிறகு புகலிட அதிகாரி முன் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு போய், நாடுகடத்தல் நீதிமன்றத்தில் தற்காப்பாக வாதாட வேண்டி வரலாம். 2005 முதல் பயிற்சியிலிருந்து காணாமல் போன 320 வெளிநாட்டவரில் 152 பேர் ஆப்கானியர் என்று ஆப்கான் மறுசீரமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் 2017-இல் எழுதினார். அந்தச் சந்தேகக் கண்ணோடுதான் அடுத்து வருபவரையும் பார்ப்பார்கள். ஆகவே பயிற்சி முடிவதற்குள் வழக்கறிஞரைப் பிடித்து, படிவத்தைக் கொடுத்து, ரசீது கையில் வந்த பிறகு சொல்வதுதான் முறை.

தேதிகளில் கவனம். ஆப்கான் ஆவணங்கள் சூரிய ஹிஜ்ரி நாட்காட்டியில் இருக்கும், ஆண்டு மார்ச் 21 வாக்கில் பிறக்கும். எல்லாவற்றுக்கும் ஆங்கில ஆண்டாக்கக் கண்ணை மூடிக்கொண்டு 621 கூட்டினால் ஆண்டின் கடைசி மாதங்கள் தப்பாகும். மிரட்டல் கடிதத்தில் 1392 ஹூத் (கடைசி மாதம்) என்றிருந்தால் அது 2014 பிப்ரவரி-மார்ச், 2013 அல்ல. மொழிபெயர்ப்பில் ஒரு தேதி, வாக்குமூலத்தில் வேறு தேதி என்றால் "முரண்பாடு" என்று எழுதி நம்பகத்தன்மையிலேயே கைவைப்பார்கள். அசல் தேதியையும் மாற்றிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தஸ்கிரா அடையாள அட்டையில் பல நேரம் பிறந்த நாளே இருக்காது, "இந்த ஆண்டில் இத்தனை வயது" என்றுதான் இருக்கும். அதையும் முதலிலேயே விளக்க வேண்டும்.

சேர்க்க வேண்டியது: மிரட்டல் கடிதம் உறையோடு, பணி ஆணைகள், பயிற்சிக்கான பயண ஆணை, குடும்பத்தினர் வாக்குமூலம், ஊடகச் செய்திகள். பணி வரைபடம், வானொலி அலைவரிசை போன்ற இரகசியம் எதையும் சேர்க்கக்கூடாது, அது தனி வழக்காகும். வழக்கு நடக்கும்போது சொந்த நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் போகாதீர்கள். அந்த அரசின் பாதுகாப்பை நீங்களே தேடிப் போனதாகக் கணக்கு.

வான்மதி:
நன்றி செழியன் சார். புகலிடம் பெற்றவர் ஊரில் இருக்கும் தன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொள்ள முடியுமா?

டொரண்டோ செழியன்:
இந்தக் கேள்விக்கு மனதுக்குப் பிடித்த பதில் இல்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் ஐ-730 படிவம் கணவர் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டும், அதுவும் புகலிடம் கிடைத்த இரண்டு ஆண்டுக்குள். பெற்றோர், உடன்பிறந்தார் அதில் வரமாட்டார்கள். பெற்றோருக்கு மனுப் போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அதற்கு முதலில் கிரீன் கார்டு, பிறகு ஐந்தாண்டு. மணமாகாத இளம் விமானிக்காக மிரட்டப்படுவது பெரும்பாலும் பெற்றோரும் தம்பி தங்கைகளும்தான். சட்டத்தின் "குடும்பம்" அவர்களை விட்டுவிடுகிறது. இது பெரிய அநியாயம்.

இறக்கை_விசிறி:
பறப்பது பற்றி. அமெரிக்க விமானப்படையில் விமானியாவதென்றால் அதிகாரியாக வேண்டும், அதிகாரிக்குக் குடியுரிமை கட்டாயம். எனவே பல ஆண்டுகளுக்கு சிவில் பக்கம்தான் வழி. இராணுவ விமானி என்பதற்காக அமெரிக்க சிவில் விமானத் துறையான எஃப்ஏஏ நேரடியாக உரிமம் தரும் 61.73 விதி, அமெரிக்கப் படையோடு விமானிப் பணிக்கு ஒதுக்கப்பட்ட வெளிநாட்டவருக்கு உதவும், பயிற்சி பெற வந்தவருக்கு உதவாது. ஆக மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, பறப்புத் தேர்வு எல்லாம் மற்றவர் போலவே. விமானப் பயிற்சிப் பள்ளியில் சேருமுன் குடிமகனல்லாதவருக்கு போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் பாதுகாப்புச் சோதனையும் உண்டு.

பறந்த மணிகள் வீணாகாது. வணிக உரிமத்துக்கு 250 மணி, விமான நிறுவன உரிமத்துக்கு 1500. முன்னாள் இராணுவத்தினருக்கு 750 போதும் என்ற சலுகை அமெரிக்கப் படையினருக்கு மட்டும். சிக்கல் என்னவென்றால் பறப்புப் பதிவேடு பெரும்பாலும் படைப்பிரிவிலேயே இருக்கும், பிறகு யாரும் அனுப்பித் தரமாட்டார்கள். நாட்டை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பது அவசியம். அமெரிக்கத் தளத்தில் பறந்த மணிகளுக்குப் பயிற்சி மதிப்பீட்டுத் தாள்களை அங்கேயே கேட்டு வாங்கலாம்.

சட்டமுரசு:
ஐரோப்பா பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சேர்க்கிறேன். 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆப்கான் பெண்களின் விண்ணப்பத்தில் நாட்டுரிமையும் பாலினமும் பார்த்தால் போதும், தனித்தனி ஆபத்தை நிரூபிக்கச் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று ஒரு ஆப்கான் பெண் விமானிக்கு ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ அது பெரிய பலம்.

விமானத்தோடே எல்லை தாண்டுவது வேறு கதை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் இராணுவ விமானம் இன்னொரு நாட்டு வான்வெளிக்குள் நுழைய முடியாது. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது 46 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் உஸ்பெகிஸ்தான் போயின. அந்த நாடு 1951 உடன்படிக்கையில் இல்லை. தஜிகிஸ்தான் அதில் இருக்கிறது, இருந்தும் அங்கே இறங்கிய விமானிகளை தலைநகர் துஷான்பே அருகே ஒரு சானடோரியத்தில் (உடல்நல ஓய்வில்லம்) நவம்பர் வரை அடைத்து வைத்தார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணி விமானியும் இருந்தார். பிறகுதான் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பினார்கள். அருகிலிருக்கும் ஓடுபாதை உயிரைக் காப்பாற்றும், புகலிடம் பெரும்பாலும் இன்னொரு நாட்டில்தான் முடிவாகும்.

இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இல்லை. 2017-இல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 20 ஆப்கான் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். அப்படி வந்தவர் இங்கே தங்க நினைத்தால் அமெரிக்கா போலப் படிவம் கொடுக்கச் சட்டம் இல்லை. டெல்லியில் யூஎன்எச்சிஆர் பதிவும் அரசு தரும் விசா நீட்டிப்பும்தான் வழி.